மகிழ்ச்சி அழைப்பு

சிறப்பு விருந்தினர் இன்னும் விதையிலேயே நிற்கிறார். மாணவன் ஒரு விதை, ஆசிரியர் மண், மாணவர் நலத்துறை தண்ணீர் என்று ஆரம்பித்து இவ்வளவு நேரமாகியும் ஒரு முளைகூட விடவில்லை, இனி அது முளைத்துக் கிளைவிட்டுப் பூத்துக் காய்த்து, அப்புறம் நான் எழுந்து நன்றியுரை சொல்லி, எப்போது கீழே இறங்குவது. மடியில் போன் மறுபடியும் அதிர்கிறது. மேடையில் உட்கார்ந்து போன் பார்க்கக் கூடாது என்று மாணவர் பேரவைப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பார்க்கிறேன். என் அலுவலகத்திலிருந்து கோமதி. மேடம், முத்துப்பேச்சியோட அப்பா இன்னும் போகலை, பிள்ளையைக் கையோட கூட்டிட்டுப் போகணும்னு உட்கார்ந்திருக்கார், அவ பெட்டி கட்டிட்டா. இதற்கு முன்னால் வந்த செய்தியில் கட்டுகிறாள் என்றிருந்தது. இப்போது கட்டிவிட்டாள். அவ்வளவுதான், ஒரு பெண்பிள்ளையின் மூன்று வருஷப் படிப்பு ஒரு ஜிப்பை இழுத்து மூடுகிற நேரத்தில் முடிந்துவிடும், நானோ இங்கே தண்ணீராக உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய்விடலாம். எப்படிப் போவது, நடுவில் துணைவேந்தர், அந்தப் பக்கம் பதிவாளர், கீழே முதல் வரிசையில் தில்லியிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு, அவர்கள் பார்க்க வந்திருப்பதே என்னைத்தான், என் துறையைத்தான், எங்கள் பல்கலைக்கழகத்தின் சிறந்த நடைமுறை என்று மூன்று மாதமாக எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பளபளப்பாக்கி வைத்திருக்கிற என்னுடைய மகிழ்ச்சி அழைப்பைத்தான். பின்னால் பேனரில் அதுதான் பூப்போட்ட எழுத்தில் இருக்கிறது. அந்த மகிழ்ச்சி அழைப்பினால்தான் அந்த மனிதர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதை யாரிடம் சொல்வது, பக்கத்தில் இருக்கிற தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமா, அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்.

நல்ல காரியம் என்று நினைத்துத்தானே ஆரம்பித்தேன். கெட்ட சேதி இருந்தால் மட்டுமே இங்கிருந்து வீட்டுக்குப் போன் போகும், அரியர் விழுந்தால், வருகைப்பதிவு குறைந்தால், பையன் ஹாஸ்டல் சுவரேறிக் குதித்தால். பல்கலைக்கழக நம்பரைப் பார்த்தால் பெற்றவர்கள் என்ன தப்போ என்றுதான் எடுப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு அம்மா போனை எடுத்த உடனே அழ ஆரம்பித்துவிட்டாள், நான் கூப்பிட்டதோ ரத்தம் கொடுத்ததற்குச் சான்றிதழ் வாங்க உங்கள் மகன் வரவில்லையே என்று கேட்க. அன்றைக்குத்தான் தோன்றியது, நல்லதற்கும் ஒரு போன் போட்டால் என்ன. போட ஆரம்பித்தோம். உங்க பையன் இந்தத் தடவை எல்லாப் பேப்பரும் பாஸ், உங்க மகள் கவிதைப் போட்டியில் முதல் பரிசு. முதலில் யாரும் நம்பவில்லை. அதெல்லாம் சரிங்க, என்ன தப்புப் பண்ணினான் அதைச் சொல்லுங்க என்று ஒரு அப்பா விடாமல் கேட்டார். சிரித்தோம். அப்புறம் பழகிவிட்டது, கோமதி ஒரு நாளைக்கு இத்தனை என்று கூப்பிட ஆரம்பித்தாள், துணைவேந்தர் காதுக்குப் போனது, பெயர் வைத்தார், பேனர் அடித்தார். முத்துப்பேச்சிக்குக் கிடைத்தது பெரிய சேதி என்பதால் நானே கூப்பிட்டேன். பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையம், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கேயே தங்கிப் பயிற்சி, நாடு முழுவதும் எழுதிப்போட்டதில் எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இவள் ஒருத்திதான். ஐயா, உங்க மகள் எங்களுக்கெல்லாம் பெருமை தேடித் தந்திருக்கா என்றேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம். திரும்பவும் சொன்னேன், பெங்களூர் என்பதை அழுத்திச் சொன்னேன், எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கரகரத்த குரலில் சரி என்று மட்டும் வந்தது, வைத்துவிட்டார். நான் என்ன நினைத்தேன், மனிதருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, துணைவேந்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்றுமுன் தலைமையுரையில் சொல்லி முடித்திருக்கிறார், ஓர் ஏழை விவசாயி, மகளின் வெற்றியைக் கேட்டு வாய் பேச முடியாமல் விம்மினார் என்று. விம்மல் அவர் சேர்த்தது. கைதட்டினார்கள். தில்லிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, இங்கே ஆண்டிக்கு மேடை போட்டு மாலையும் போடுகிறார்கள்.

ஏன் மேடம் போன் பண்ணுனிய. மறுநாள் காலையில் நூலக வாசலில் வைத்து முத்துப்பேச்சி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அவளுக்குக் கோபம் காட்டத் தெரியாது, செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன், தோளில் தட்டினேன், தட்டி வேறு வைத்தேன் என் கையை ஒடிக்க. அப்போதே நின்று என்னம்மா என்று கேட்டிருக்கலாம். பந்தல்காரர் காத்திருந்தார், நினைவுப்பரிசில் எழுத்துப்பிழை என்று ஒருவன் ஓடிவந்தான், இதுதான் என் உத்தியோகம், மாணவர் நலம் என்று கதவில் எழுதிப்போட்டுவிட்டுச் சால்வை நிறம் பார்க்கிற உத்தியோகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பிள்ளை என் அறைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறது. முதல் பருவத்தில் இயற்பியலில் இரண்டு பேப்பர் போய்விட்டது, டிசி வாங்கணும் மேடம் என்றாள். உட்காரவே மாட்டேனென்றாள். மத்தியானமாகிவிட்டது, என் டப்பாவில் இருந்த புளிச்சாதத்தைப் பாதி வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்ட பிறகுதான் வாய் திறந்தாள். வகுப்பில் சந்தேகம் கேட்டாளாம், தமிழில் கேட்டாளாம், பாடம் எடுத்த ஆள், பெயர் வேண்டாம், பேச்சி பேசிவிட்டாள் என்று சொன்னாராம், வகுப்பே சிரித்ததாம், அதிலிருந்து கேட்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். மூளை இல்லாமல் இல்லை, கேட்க வாய் இல்லாமல் ஃபெயில். எம்.எஸ்சி. படித்த ஒரு பெண்ணை மாலையில் அவளோடு உட்காரவைத்தேன், அந்த ஆளிடம் போய் நான் பேச வேண்டியதைப் பேசினேன், அவர் இன்றுவரை எனக்கு வணக்கம் சொல்வதில்லை. டிசி பேச்சு நின்றது. அடுத்த வருஷம் அவளே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இதெல்லாம் எந்தக் குழுவுக்குத் தெரியும், அரைச் சாப்பாட்டை எந்தச் சிறந்த நடைமுறையில் சேர்ப்பது. தொட்டியில் வைத்த செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போக அவள் அப்பா வந்திருக்கிறார், பார், எனக்கும் விதையும் செடியுமாகத்தான் வருகிறது, இந்தச் சிறப்பு விருந்தினர் பேசிப் பேசி என்னையும் கெடுத்துவிட்டார்.

பலவேசம் என்பது அவர் பெயர். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனால் பார்த்த மாதிரி இருக்கிறது, மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, பொம்பளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு பெங்களூரு என்று கேட்கப்போகிற வாய். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் இந்த இருபது வருஷத்தில். படிக்க வைக்கத்தான் செய்யுதோம், அதுக்காக ஊரு விட்டு ஊரு போயி நிக்கணுமா. மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆயிரம் கேப்பான். நான் என்ன பதில் சொல்வேன் என்பதும் எனக்கு மனப்பாடம். முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும், பிறகு மகளைப் புகழவேண்டும், பெண்களுக்குத் தனி விடுதி, காவல், கேமரா என்று அடுக்கவேண்டும், கடைசியில் நான் பொறுப்பு என்று சொல்லவேண்டும். நான் பொறுப்பு. எதற்கு நான் பொறுப்பு, எனக்கே தெரியாது, சொன்னால் சில அப்பாக்கள் இறங்குவார்கள். இவர் இறங்கமாட்டார், அந்தச் சரி என்ற குரல் இறங்குகிற குரல் இல்லை. மகள் தன்னிடம் சொல்லாமல் எழுதிப்போட்டிருக்கிறாள், அதை ஊர் பேர் தெரியாத ஒருத்தி போனில் சொல்கிறாள், எந்த அப்பனுக்குத்தான் எரியாது. எனக்கு எரிந்ததே. என் மகன் சாம் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனி மாறியது எனக்கு எப்படித் தெரியும், அவன் சித்தி வாட்ஸ்அப்பில் வாழ்த்துக்கள் டா என்று ஸ்டேட்டஸ் போட்டபோதுதான் தெரியும். பெற்றவளுக்கு ஸ்டேட்டஸில் சேதி. பூனாவுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கத்தினேன், சொல்லலாம்னுதான்மா இருந்தேன் என்றான். இருந்தானாம். அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசாமல் துணி மடித்தேன். அப்படியானால் எனக்குத் தெரிந்துதானே இருந்தது, ஒரு சேதி யார் வாயிலிருந்து வருகிறது என்பது சேதியைவிடப் பெரிது என்று தெரிந்துதானே இருந்தது, அப்புறம் ஏன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுல சொல்லிட்டியா, நான் சொல்லலாமா என்று. இருநூறு வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறோம், ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நல்ல சேதிதானே, இதற்கு யாரைக் கேட்பது. கெட்ட சேதி சொல்லத்தான் யோசித்திருக்கிறோம். வியர்க்கிறது. ஏசி போட்டிருக்கிறார்கள் என்கிறார்கள், எங்கே போட்டிருக்கிறார்களோ.

கைதட்டல். முடித்துவிட்டார் போலிருக்கிறது, விதை என்ன ஆயிற்றோ, நான் கவனிக்கவில்லை. என் பெயரைச் சொல்கிறார்கள், மகிழ்ச்சி அழைப்பின் தாய் முனைவர் பியூலா அவர்களுக்கு என்று தொகுப்பாளினி இழுக்கிறாள், தாயாம். எழுந்து நிற்கிறேன், சால்வை விழுகிறது, நானே போய் நிறம் பார்த்து வாங்கிய மயில்கழுத்து நிறம், ஜரிகை கழுத்தில் குத்துகிறது, போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்க மேடம் என்கிறார், பார்க்கிறேன், சிரிக்கிறேன், என் மூஞ்சியை நானே வெறுக்கிற அளவுக்குச் சிரிக்கிறேன். போன் அதிர்கிறது, பார்க்க முடியாது, ஒரு கையில் பூங்கொத்து, ஒரு கையில் துணைவேந்தர் கை. போய்விட்டார்களோ. பஸ் ஏறிவிட்டார்களோ. வாசலில் திருச்செந்தூர் பஸ் நிற்கும், ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டான் அவன். நன்றியுரை. முன்னால் போய் நிற்கிறேன், கையில் பெயர்கள் நீளமாக இருக்கின்றன, ஒலிபெருக்கிக்காரர் வரை விட்டுவிடக் கூடாது, போன வருஷம் தோட்டப் பிரிவை விட்டுவிட்டு ஒரு மாதம் பூந்தொட்டி கிடைக்கவில்லை எனக்கு. மைக்கைப் பார்த்து, வந்திருக்கும் அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி, நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்போம் என்று சொல்லிவிட்டேன். பதிவாளர் தலை சட்டென்று திரும்பியது. துணைவேந்தருக்குக்கூட நன்றி சொல்லவில்லை. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது. பாடி முடித்ததும் பக்கவாட்டுப் படியில் இறங்கி நடக்கிறேன், ஓடவில்லை, ஓடினால் பிள்ளைகள் பார்ப்பார்கள், நடக்கிற மாதிரி ஓடுகிறேன், சால்வையை எடுக்கக்கூட மறந்து, வெயில் மண்டையைப் பிளக்கிறது, புங்கமரத்தடியில் பையன்கள் வாழ்த்துக்கள் மேடம் என்கிறார்கள், அவர்களை அடிக்கலாம் போலிருக்கிறது. என்ன பேசவேண்டும் என்று வரிசைப்படுத்துகிறேன், தண்ணீர், புகழ்ச்சி, விடுதி, கேமரா, நான் பொறுப்பு. இறங்காவிட்டால் சட்டம் பேசுவேன், பிள்ளை மேஜர், அவள் சம்மதமில்லாமல் கூட்டிப்போக முடியாது என்பேன். சண்டைதான் என்றால் சண்டைதான்.

மீசையே இல்லை அவருக்கு. ஒல்லியாக, சலவைச் சட்டையில், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். விரல்களில் வாழைக்கறை அழியாமல் கறுத்திருந்தது. பக்கத்தில் முத்துப்பேச்சி, அவள் காலடியில் நீலப் பெட்டி. நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, எடுத்த எடுப்பில் பொரிய ஆரம்பித்தேன், உங்க மகளோட எதிர்காலத்தை என்று ஏதோ. அவர் குறுக்கே பேசவில்லை. முடிக்கும்வரை தலையை ஆட்டிக் கேட்டார், நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மகளைப் பார்த்தார்.

“அப்பாவுக்குத் தெரியும் மேடம்,” என்றாள் அவள். “எழுதிப்போடுறதுக்கு முந்தியே சொல்லிட்டேன். அப்பாதான் போட்டுப்பாருன்னாவ.”

“அப்புறம் என்னதான் பிரச்சினை?” என்றேன்.

“எங்க அண்ணனுக்குத்தான் டீச்சரம்மா தெரியாது,” என்றார் பலவேசம். “வீட்டுல அவுக வச்சதுதான் சட்டம். இவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்காவ. பரீட்சை முடிஞ்சும் யுனிவர்சிட்டில ரெண்டு மாசம் வேலை இருக்குன்னு சொல்லி அனுப்பிருவோம், போயிட்டு வந்துரட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்னு நானும் இவளும் பேசி வச்சிருந்தோம். அன்னைக்கு வயல்ல வாழைத்தார் வெட்டிக்கிட்டு நிக்கேன், கையெல்லாம் பால். பையில போன் அடிக்கி. அண்ணன்தான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாவ.”

மோட்டார் சத்தம். கரகரத்த சரி.

“அந்தச் சரி சொன்னது?”

“அண்ணன்தான்.”

பெங்களூரை இரண்டு தடவை சொன்னேன், அழுத்தி வேறு சொன்னேன். அப்பா விம்மினார் என்று துணைவேந்தர் சொன்னார். இத்தனை நேரமாக மேடையில் உட்கார்ந்து நான் திட்டித் தீர்த்த மனிதர், மகளோடு சேர்ந்து சத்தமில்லாமல் ஒரு வழி வெட்டி வைத்திருக்கிறார், நான் பேனர் கட்டிக்கொண்டு போய் அதில் விழுந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சால்வையை இழுத்து எறிந்தேன், அது கோமதியின் மேசையில் விழுந்தது, அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அப்படியானால் பெட்டி எதற்கு என்று கேட்டேன். கூட்டிட்டு வான்னு அண்ணன் அனுப்பியிருக்காவ, அதான் கூட்டிட்டுப் போகணும்னு வந்ததும் சொன்னேன் என்றார், எங்க போனாலும் பெட்டி கட்டத்தானம்மா வேணும். அப்புறம் ஒன்று கேட்டார். இந்த ஆபீஸ் போனிலிருந்தே, இதே நம்பரிலிருந்தே, அண்ணனை ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம், அது தவறிப்போய்ச் சொன்னது, இடம் கிடைத்தது வேறு பிள்ளைக்கு, முத்துப்பேச்சிக்கு இல்லை என்று. நான் சொன்னா நம்பமாட்டாவ. நீங்க சொன்னா நம்புவாவ. ஆபீஸ்லா.

ஆபீஸ்தான். அதுதான் பயம். பல்கலைக்கழகத்தின் நம்பரிலிருந்து ஒரு பொய், நாளைக்கு பெங்களூரில் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், ஒரு விபத்து என்றால் அந்த அண்ணன் நேராக இங்கேதான் வருவார், டீச்சரம்மா கிடைக்கலைன்னுதானே சொன்னாங்க என்பார், என் இருபது வருஷமும் அன்றோடு சரி. சொல்லாவிட்டால் இந்தப் பெட்டி சாயங்காலம் ஊர் போய்ச் சேரும், அப்புறம் அது இங்கே திரும்பாது. வேறு வழி யோசிக்கிறேன், நான் நேரில் வந்து அண்ணனிடம் பேசட்டுமா என்கிறேன், அப்பாவும் மகளும் ஒரே மாதிரி வேண்டாமென்று தலையாட்டுகிறார்கள். நான் உதவி செய்ய வாய் திறந்தாலே இவர்களுக்குப் பயமாக இருக்கிறது. சரி, அதுவும் எனக்கு வேண்டியதுதான். முத்துப்பேச்சியைப் பார்த்தேன். “உனக்கு என்னம்மா வேணும்? நான் என்ன செய்யணும், நீ சொல்லு,” என்றேன். செருப்பைப் பார்க்கவில்லை அவள், என்னைப் பார்த்தாள். “நான் போகணும் மேடம். போன் பண்ணுங்க.”

பெரியப்பாவின் நம்பரை அவளே அழுத்தினாள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்காமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது, எடுத்துவிட்டார். அதே குரல். கொம்பையா பேசுதேன். இருபது வருஷமாகக் கெட்ட சேதி சொல்லிப் பழகிய அந்தப் பழைய குரலை எடுத்து வைத்துக்கொண்டேன், அது எங்கேயும் போகவில்லை, கூப்பிட்டதும் வந்தது. ஐயா, மன்னிக்கணும், எங்க பக்கம் தவறு நடந்துபோச்சு, பெங்களூர் பயிற்சி உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கலை, வேற ஒரு பிள்ளைக்கு வந்ததை மாத்திச் சொல்லிட்டோம், இவளுக்கு இங்கேயே ரெண்டு மாசம் லேப் வேலைதான். மோட்டார் ஓடவில்லை இப்போது, காக்கை ஒன்று கத்துகிறது. திட்டுவார், அல்லது அப்பாடா என்பார் என்று காத்திருந்தேன்.

“பிள்ளைக்குத் தெரியுமாம்மா?” என்றார்.

இல்லைங்க, இன்னும் சொல்லலை என்றேன். எப்படி வந்தது அந்தப் பதில் என்று தெரியாது.

“நீங்க படக்குன்னு சொல்லிராதிய. ஆசையா இருந்திருப்பா. நான் போகக்கூடாதுன்னதே வேற, கிடைக்கலைங்கது வேறல்லா. தம்பி அங்கதான் வந்திருக்கான். அவனைப் பக்குவமா சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டு, பிள்ளை அங்கயே இருந்து அந்த லேப் வேலையைப் பாக்கட்டும். இப்ப இங்க வந்தா அழுதுகிட்டே கிடப்பா.”

சரிங்க என்று போனை வைத்தேன். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன சொன்னாவ என்றார் பலவேசம்.

“நம்பிட்டாங்க. இருந்து வேலையைப் பார்க்கட்டும்னு சொல்லிட்டாங்க. கிடைக்கலைங்கிறதை மட்டும் நான் சொல்லக்கூடாதாம். நீங்கதான் பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லணுமாம்.”

பலவேசம் அண்ணன் சொன்ன ஒன்றை இதுவரை செய்யாமல் விட்டதில்லை போலிருக்கிறது. மகள் பக்கம் திரும்பி அவள் தலையில் கறைபிடித்த கையை வைத்தார். “இடம் கிடைக்கலையாம்ட்டி,” என்றார். “மனசை விட்டுராத.”

“சரிப்பா,” என்றாள் அவள். அழுதது அவர்தான்.